கை பழகிய இடத்தில் பொத்தான் இருக்க வேண்டும்

கணினி: கேள்வி – பதில்

பழகிப்போன மெனுவை நீக்குபவர்கள், அதே வேலையைச் செய்ய இன்னொரு வழியை முதலில் வைத்துவிட்டுத்தான் நீக்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அந்தக் கருத்தை ஏற்றும் மறுத்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஐயா, பதினெட்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதும் பணியில் இருக்கிறேன். அலுவலக மென்பொருளில் ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் ஏதாவது ஒன்று இடம் மாறிவிடுகிறது. நான் தேடித் தடுமாறும்போது, உடன் பணிபுரியும் இளைஞர்கள், “பழகிக்கொள்ளுங்கள் சார், சுலபம்தான்” என்கிறார்கள். குறை என்னிடமா, மென்பொருளிடமா?

குறை உங்களிடம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெடுநாள் ஒரே மென்பொருளில் வேலை செய்பவர், திரையைப் படித்துப் பொத்தானைக் கண்டுபிடிப்பதில்லை. மனம் அடுத்த தொகையைக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே கை தானாகப் போய் அதைத் தொட்டுவிடுகிறது. நள்ளிரவில் எழுந்தாலும் விளக்கின் சுவிட்சைக் கை தடவாமல் போடுகிறதே, அதைப் போன்றதுதான் இதுவும். அந்தப் பழக்கம் நீங்கள் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த சேமிப்பு. ஓர் இரவில் வந்து இறங்கும் அப்டேட், பொத்தானை நான்கு விரற்கடை தள்ளி வைத்துவிட்டால், அந்தச் சேமிப்பில் ஒரு பகுதி உங்களைக் கேட்காமலே கழிந்துபோகிறது. உடன் இருக்கும் இளைஞர்கள் இன்னும் அவ்வளவு சேர்த்து வைக்கவில்லை. ஆகையால் அவர்களுக்கு இழப்பு தெரிவதில்லை.

இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு, 2007-ஆம் ஆண்டின் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ். அதுவரை மேலே வரிசையாக நின்ற மெனுக்களையும் கருவிப்பட்டைகளையும் வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட் ஆகியவற்றிலிருந்து நீக்கிவிட்டு, ‘ரிப்பன்’ என்னும் அகலமான பட்டையைக் கொண்டுவந்தார்கள். காரணம் இல்லாமல் செய்யவில்லை. வசதிகள் பெருகப் பெருக மெனுவுக்குள் மெனுவாகப் புதைந்துபோய், ஏற்கெனவே இருக்கும் வசதியையே இல்லை என்று நினைத்துப் பயனர்கள் கேட்கும் நிலை வந்திருந்தது. புதிதாகக் கற்பவருக்கு ரிப்பன் உதவியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மெனுக்களை மனப்பாடமாக வைத்திருந்தவருக்கோ எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டியதாயிற்று.

ஆனால் அந்தப் பெரிய மாற்றத்துக்குள்ளும் பழைய பயனரை நினைத்துப் பார்த்த ஒருவர் இருந்திருக்கிறார். சூத்திரத்தை விட்டுவிட்டு மதிப்பை மட்டும் ஒட்டுவதற்கு, ஆல்ட் விசையை அழுத்திவிட்டு ஈ, எஸ், வி என்று தட்டுவது பழைய எக்செல்லில் கணக்கர்களின் வழக்கம். ஈ என்பது எடிட் மெனு, எஸ் என்பது பேஸ்ட் ஸ்பெஷல், வி என்பது வேல்யூஸ். அந்த எடிட் மெனு 2007-இல் திரையை விட்டே போய்விட்டது. ஆயினும் ரிப்பன் உள்ள எக்செல்லில் ஆல்ட், ஈ என்று தட்டிப் பாருங்கள். பழைய பதிப்பின் விசை வரிசையைத் தொடர்ந்து தட்டலாம் என்று ஒரு சிறு அறிவிப்பு மேலே தோன்றும். எஸ், வி தட்டி என்டரை அழுத்தினால் வேலை முடிந்துவிடும். மெனு போய்விட்டது, அதற்குப் போகும் பாதை மட்டும் அப்படியே இருக்கிறது. இவ்வளவு செய்தால் போதும் என்றுதான் நான் எல்லா மென்பொருள்காரர்களையும் கேட்கிறேன்.

உங்கள் அலுவலக மென்பொருளைப் பற்றி முடிவுக்கு வர ஒரு வழி சொல்கிறேன். புதிய பதிப்பில் ஒரு மாதம் வேலை செய்யுங்கள். அதற்குள் தடுமாற்றம் நின்றுவிட்டால், அது பழக்கம் இல்லாததால் வந்த தொல்லை. ஒரு மாதம் கழித்தும் முன்பு இரண்டு தட்டில் முடிந்த வேலைக்கு நான்கு தட்டு ஆகிறது, அல்லது ஒவ்வொரு முறையும் கண்ணால் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது என்றால், அது மென்பொருளின் குறை. அப்போது அதைத் தயங்காமல் எழுதித் தெரிவியுங்கள்.

உங்கள் எழுத்தைப் படித்தால் எதுவுமே மாறக்கூடாது என்று சொல்வதுபோல் இருக்கிறது. மாறாமலே இருந்திருந்தால் நாம் இன்றும் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டிக்கொண்டுதானே இருப்போம்? – கணினி அறிவியல் மாணவி

கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவதை நான் இன்றும் விரும்பிச் செய்கிறேன். 1970-களில் யூனிக்ஸ் இயங்குதளத்தில் பிறந்த கட்டளைகள் பல இன்றும் அதே எழுத்துகளில் வேலை செய்வது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தருகிறது. ஆனாலும் உங்கள் கேள்வி நியாயமானது. 1973-இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் உருவான ஆல்டோ, 1981-இல் விற்பனைக்கு வந்த ஸ்டார், பிறகு ஆப்பிளின் லிசா, 1984-இல் மெக்கின்டாஷ் ஆகிய கணினிகளின் வழியே, கட்டளைக்குப் பதிலாகப் படங்களும் மவுஸும் என்று படிப்படியாக வந்த மாற்றம், கட்டளைகளை மனப்பாடம் செய்யாதவர்களுக்கும் கணினியைத் திறந்துவிட்டது. அந்த மாற்றத்தை எதிர்த்திருந்தால் நான் தவறு செய்தவனாகியிருப்பேன். அது மறைந்திருந்தவற்றைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தது. எதைச் செய்ய முடியும் என்பதைத் திரையே சொல்லியது.

அதே காலத்தில் பிறந்த இன்னொன்றையும் பாருங்கள். வெட்டுதல், நகலெடுத்தல், ஒட்டுதல் என்னும் முறையை ஜெராக்ஸில் வளர்த்தவர்களுள் முதன்மையானவர் லாரி டெஸ்லர். ஒரே விசை ஒரு நேரம் ஒரு வேலையும், வேறு நேரம் வேறு வேலையும் செய்யக்கூடாது என்பதில் அவர் கடைசிவரை உறுதியாக இருந்தார். பின்னர் அவர் ஆப்பிளுக்குச் சென்றார். அங்கே செயலைத் திரும்பப் பெற இசட், வெட்ட எக்ஸ், நகலெடுக்க சி, ஒட்ட வி என்று கீபோர்டின் கீழ்வரிசையில் அடுத்தடுத்து இருக்கும் நான்கு எழுத்துகள் அமைந்தன. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, எத்தனையோ இயங்குதளங்கள் வந்து போன பிறகும், அவை இடம் மாறவில்லை. மாற்றத்தை அள்ளிக்கொண்டு வந்தவர்களே எதை மாற்றாமல் நிலைநிறுத்த வேண்டும் என்பதையும் அறிந்திருந்தார்கள்.

அண்மைக் காலத்தில் நான் மனம் நிறைந்து பாராட்டும் மாற்றம், 2019 ஜூலையில் வந்த பிளெண்டர் 2.80. முப்பரிமாண உருவங்களை அமைக்கும் அந்த மென்பொருளில் அதுவரை மவுஸின் வலப் பொத்தானை அழுத்தித்தான் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு எங்கும் இல்லாத அந்த வழக்கத்தில் புதியவர்கள் முதல் நாளிலேயே சிக்கிக்கொள்வார்கள். புதிய பதிப்பில் இடப் பொத்தானை இயல்பாக்கினார்கள். ஆனால் முதன்முறை திறக்கும்போதே, தேர்ந்தெடுப்பது இடத்தாலா வலத்தாலா என்று திரை கேட்டது. பழைய பதிப்பின் விசையமைப்பும் அங்கேயே விருப்பத் தேர்வாக வைக்கப்பட்டிருந்தது. புதியவருக்குக் கதவு திறந்தது, பழையவருக்குக் கதவு மூடப்படவில்லை. இப்படி வரும் எந்த மாற்றத்தையும் நான் வரவேற்பேன்.

நெகிழ்வட்டு (ஃப்ளாப்பி) வழக்கொழிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ‘சேமி’ என்பதற்கு இன்னும் அந்தப் படத்தையே வைத்திருப்பது அபத்தம் இல்லையா?

இல்லை என்பதுதான் என் கருத்து. 3.5 அங்குல வட்டைக் கையில் தொட்டே பார்க்காத பிள்ளைகளும், அந்தச் சதுரத்தைப் பார்த்தவுடன் ‘சேமி’ என்று படித்துவிடுகிறார்கள். ஒரு சொல்லின் வேர் தெரியாமலே அதன் பொருளை அறிந்து புழங்குகிறோம் அல்லவா? அது போதும். அந்த வட்டைத் தூக்கிவிட்டு மேகம், அம்புக்குறி என்று மென்பொருளுக்கு ஒரு படம் வைத்தால்தான் குழப்பம் வரும்.

நான் மென்பொருள் உருவாக்கும் குழுவில் இருக்கிறேன். எந்தப் பொத்தானை எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்ற கணக்கு எங்களிடம் இருக்கிறது. மிகச் சிலரே பயன்படுத்தும் ஒன்றை நீக்கித் திரையைச் சுத்தமாக்குவது பயனருக்கு நாங்கள் செய்யும் நன்மைதானே?

உங்கள் நோக்கத்தை நான் ஐயப்படவில்லை. திரையில் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தால் எதுவும் கண்ணில் படாது என்பது உண்மை. ஆனால் நீங்கள் வைத்திருக்கும் கணக்கு, பொத்தானை எத்தனை முறை அழுத்தினார்கள் என்பதைச் சொல்லுமே தவிர, அழுத்திய அந்த ஒரு முறை அவருக்கு எவ்வளவு இன்றியமையாததாக இருந்தது என்பதைச் சொல்லாது. காப்புநகலிலிருந்து கோப்புகளை மீட்கும் பொத்தானை ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறைகூட அழுத்தாமல் இருக்கலாம். அழுத்த வேண்டிய நாளில் அவர் பதற்றத்தின் உச்சத்தில் இருப்பார். அன்று அது மூன்று அடுக்குக்குக் கீழே ஒளிந்திருந்தால் என்ன ஆகும்? அரிதாக வேண்டியது என்பதும், வேண்டாதது என்பதும் வேறு வேறு.

பயன்பாட்டுக் கணக்கை அப்படியே திரையில் இறக்கிப் பார்த்த முயற்சி ஒன்று முன்பே நடந்திருக்கிறது. ஆபீஸ் 2000-இல், ஒருவர் அடிக்கடி பயன்படுத்தாத கட்டளைகளை மெனு தானாகவே மறைத்துக்கொண்டது. அடியில் இருக்கும் அம்புக்குறியை அழுத்தினாலோ சற்றுக் காத்திருந்தாலோ மீதி விரியும். கேட்பதற்கு அறிவார்ந்த ஏற்பாடு. நடைமுறையில், நேற்று நான்காவது வரியில் இருந்த கட்டளை இன்று ஆறாவது வரியில் இருந்தது. தான் தேடுவது இல்லையா, மறைந்திருக்கிறதா என்பதே பயனருக்குத் தெரியவில்லை. இருபது வரி உள்ள மெனுவாக இருந்தாலும், அந்த இருபதும் அதே வரிசையில் நின்றால் கை கற்றுக்கொள்ளும். ஐந்தே வரியாக இருந்தாலும் நாள்தோறும் வரிசை மாறினால் கை என்றைக்கும் கற்றுக்கொள்ளாது.

விண்டோஸ் 8-ஐ நினைத்துப் பாருங்கள். 1995 முதல் திரையின் இடப்பக்க மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானை 2012 அக்டோபரில் நீக்கினார்கள். அந்த மூலைக்குச் சுட்டியைக் கொண்டுபோய் அழுத்தினால் அதே வேலை நடக்கும்தான். ஆனால் அப்படி நடக்கும் என்பதற்குத் திரையில் எந்தக் குறியும் இல்லை. ஸ்டார்ட் மெனுவுக்குப் பதிலாக, தொடுதிரைக்கு ஏற்ற ஓடு போன்ற பெரிய கட்டங்களை, மவுஸ் பிடித்து வேலை செய்பவர்களின் திரையிலும் பரப்பினார்கள். ஓராண்டில், 2013 அக்டோபரில் வந்த 8.1-இல் பொத்தான் திரும்பியது. 2015-இல் விண்டோஸ் 10-உடன் ஸ்டார்ட் மெனுவும் திரும்பியது. மூன்று ஆண்டுகளில் எத்தனை பேருடைய எவ்வளவு நேரம் வீணாகியிருக்கும் என்பதை எந்தப் பயன்பாட்டுக் கணக்கும் பதிவு செய்திருக்காது.

ஆகவே நீக்குவதற்கு முன், அதைப் பயன்படுத்தும் அந்தச் சிலரில் ஐந்து பேரையாவது நேரில் பார்த்து, எதற்காகப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் பின்னால் நின்றுகொண்டு, வாயைத் திறக்காமல், அவர்கள் வேலை செய்வதைப் பாருங்கள். அரை மணி நேரத்தில் நீங்கள் காண்பது, ஓராண்டுக் கணக்கில் தெரியாததாக இருக்கும்.

வயதான என் தாயார் கைப்பேசியில் எந்தச் செயலியைத் திறந்தாலும் அடுத்து எதைத் தொடுவது என்று தெரியாமல் நிற்கிறார். அவருக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

கற்றுக்கொடுப்பதற்கு முன், அவருடைய கண்ணுக்குத் திரை எப்படித் தெரிகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். என் பெரியம்மாவுடன் அப்படி ஒரு மாலை உட்கார்ந்தேன். ஒரு செயலியில் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். எல்லாம் எழுதிவிட்டு, “முடிந்துவிட்டது, ஆனால் போக மாட்டேன் என்கிறது” என்றார். திரையின் அடியில் ‘அடுத்து’ என்ற சொல் வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்தில் இருந்தது. சுற்றிலும் கட்டம் இல்லை, நிழல் இல்லை. “அதைத் தொடுங்கள் பெரியம்மா” என்றேன். “அது தலைப்பு இல்லையா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. சற்று மேலே அதே அளவில், அதே நிறத்தில் ஒரு தலைப்பு இருந்தது. அடுத்த பக்கத்தில் ஒரு பட்டியல் வந்தது. ஐந்தாவது வரி திரையின் விளிம்போடு சரியாக முடிந்ததால், பட்டியல் அவ்வளவுதான் என்று எண்ணித் தமக்கு வேண்டியது இல்லை என்று முடிவு செய்துவிட்டார். உருள்பட்டை கண்ணில் பட்டிருந்தால், கீழே இன்னும் இருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

பொத்தான் பொத்தானைப் போல இருந்த காலம் ஒன்று உண்டு. 2013-இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 7 வந்தபோது, மேடு பள்ளம், நிழல், பளபளப்பு எல்லாவற்றையும் நீக்கி, பல இடங்களில் வெறும் சொல்லையே பொத்தானாக்கினார்கள். பிற நிறுவனங்களும் தட்டையான தோற்றத்துக்கு வந்து சேர்ந்தன. அழகாகத்தான் இருந்தது. ஆனால் எது படிப்பதற்கு, எது தொடுவதற்கு என்ற வேறுபாடு மங்கியது. அடுத்த சில மாதங்களில் வந்த 7.1 பதிப்பில், பொத்தான்களுக்கு வடிவம் காட்டும் விருப்பத் தேர்வைச் சேர்க்க வேண்டியிருந்தது.

வழக்கமான அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. தொடும் இடம் குறைந்தது 44 புள்ளி (திரையில் அளவைக் குறிக்கும் அலகு) அகலமும் உயரமும் இருக்க வேண்டும் என்பது ஆப்பிள் தன் உருவாக்குநர்களுக்குத் தரும் அறிவுரை. விரல் நடுங்குபவருக்கும் பார்வை மங்கியவருக்கும் இவை சலுகைகள் அல்ல. நண்பகல் வெயிலில் கைப்பேசியைப் பார்க்கும் எல்லாருக்கும் இவை வேண்டும்.

உங்கள் தாயாருக்கு இப்போது செய்யக்கூடியவை சில உண்டு. அணுகல்தன்மை அமைப்புகளில் எழுத்தின் அளவைக் கூட்டுங்கள். தடித்த எழுத்தையும் கூடுதல் ஒளி வேறுபாட்டையும் இயக்குங்கள். விரலை இழுத்துச் செய்யும் சைகைகளுக்குப் பதிலாகக் கீழே பொத்தான்கள் தெரியும் அமைப்பு கைப்பேசியில் இருந்தால், அதற்கு மாற்றுங்கள். முகப்புத் திரையில் அவருக்கு வேண்டிய நான்கைந்து செயலிகளை மட்டும் வைத்து, அவற்றின் இடத்தை அதன்பின் ஒருபோதும் மாற்றாதீர்கள். கைப்பேசியை அவர் கையிலிருந்து வாங்கி நீங்களே செய்து காட்டுவதைவிட, அவர் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் சொல்ல அவர் தொடட்டும்.

லினக்ஸுக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

முழுதும் உண்மை இல்லை. லினக்ஸில் திரையின் தோற்றத்தையும் சாளரங்களையும் அமைக்கும் சூழல்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றான ஜினோமின் 3-ஆம் பதிப்பு 2011-இல் வந்தபோது, ஜினோம் 2-இல் பழகியிருந்த திரை அடியோடு மாறியது. கீழே இருந்த சாளரப் பட்டியலும், சாளரத்தைச் சிறிதாக்கும் பொத்தானும் காணாமல் போயின. விண்டோஸ் 8-ஐக் கண்டு பின்னாளில் மற்றவர்கள் வருந்திய வருத்தத்தை லினக்ஸ் பயனர்கள் ஒன்றரை ஆண்டுக்கு முன்பே அனுபவித்துவிட்டார்கள். வேறுபாடு அதற்கு அடுத்த கட்டத்தில்தான். மென்பொருளின் மூலநிரல் யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளும்படி திறந்திருந்ததால், பழைய ஜினோம் 2-ஐ விரும்பியவர்கள் அதை எடுத்து ‘மேட்’ என்ற பெயரில் தொடர்ந்து வளர்த்தார்கள். அது இன்றும் இருக்கிறது. லினக்ஸ் மின்ட் என்னும் லினக்ஸ் வகையை உருவாக்கும் குழுவினர் சின்னமன் என்னும் சூழலை உருவாக்கினார்கள். அதிக ஆரவாரம் இல்லாமல் பழைய முறையிலேயே நடக்கும் எக்ஸ்எஃப்சிஇ என்னும் சூழலும் உண்டு. நான் பல ஆண்டுகளாக அதில்தான் வேலை செய்கிறேன்.

லிப்ரே ஆபீஸ் என்னும் அலுவலக மென்பொருளிலும் இந்த நல்ல பழக்கத்தைக் காணலாம். ரிப்பனை விரும்புபவர்களுக்கு அதைப் போன்ற தாவல் பட்டையும், மெனுவை விரும்புபவர்களுக்குப் பழைய மெனுவும் கருவிப்பட்டையும் என்று, ‘பார்வை’ மெனுவிலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் பேணுவது உருவாக்குபவர்களுக்கு இரட்டிப்பு வேலை என்பதை அறிவேன். அந்த வேலையை அவர்கள் செய்யாவிட்டால், அது பயனர் ஒவ்வொருவரின் தலையிலும் விழுகிறது.

உலாவியில் இயங்கும் மென்பொருள்களில் பழைய பதிப்பிலேயே இருந்துகொள்ளும் வாய்ப்புகூட இல்லை. பயனர் குறை சொல்லி ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. ஆனால் சொல்லும் விதம் முக்கியம். கணினியில் நிறுவிய மென்பொருளின் பழைய பதிப்பில் சில காலம் தங்கலாம். உலாவியில் இயங்குவதோ, காலையில் திறக்கும்போது வேறாக இருக்கும். “புதியது மோசம், பழையதே நன்று” என்று எழுதினால், அதைப் பழக்கத்தின் முணுமுணுப்பு என்று ஒதுக்கிவிடுவார்கள். எந்த வேலையைச் செய்ய முயன்றீர்கள், முன்பு எத்தனை தட்டு, இப்போது எத்தனை தட்டு, எந்த இடத்தில் எதைத் தவறாகத் தொட்டீர்கள் என்று ஒரு திரைப் படத்தோடு எழுதுங்கள். அதை ஒதுக்குவது கடினம்.

2021-இல் விண்டோஸ் 11 வந்தபோது, கோப்பின் மேல் வலப் பொத்தானை அழுத்தினால் தோன்றும் மெனுவில் வெட்டு, நகலெடு, பெயர் மாற்று, நீக்கு ஆகியவற்றின் சொற்களை எடுத்துவிட்டு வெறும் சிறு படங்களாக மேல்வரிசையில் வைத்தார்கள். பெயர் மாற்றுவதற்கான படம் எது என்று தெரியாமல் ஒவ்வொன்றின் மேலும் சுட்டியை நிறுத்திப் பார்த்தவர்கள் பலர். அந்தக் குறை தொடர்ந்து சொல்லப்பட்டு வந்தது. 2024-இல் வந்த பதிப்பில், அந்தப் படங்கள் ஒவ்வொன்றின் அடியிலும் அதன் பெயர் எழுத்தில் வந்திருக்கிறது.